காதிரைச்சல், காது மந்தம்: மருந்து வரும்வரை சமாளிக்க முழுமையான வழிகாட்டி

காதுக்குள் ஓயாத ஒரு ரீங்காரம், கூடவே கேட்பதும் குறைந்துகொண்டு வருகிறது. இரண்டும் சேர்ந்து வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு இரண்டு காதிலும் 11 வருடமாக இருக்கிறது. இதே தொல்லையோடு புதிதாக வருகிறவர்கள் பலரோடு பேசியிருக்கிறேன். கிட்டத்தட்ட எல்லோருமே கடைசிப் படியில்தான் தொடங்குகிறார்கள். ராத்திரி 2 மணிக்குப் போனை வைத்துக்கொண்டு, இதற்கு மருந்து எப்போது வரும் என்று தேடுவதுதான் அந்தப் படி. முதல் படியைத் தவறவிட்டவருக்குக் கடைசிப் படி எந்த உதவியும் செய்யாது. அதனால் கீழே உள்ள வரிசையை மாற்றாமல் போவது நல்லது.

ஒரு சொல் ஒழுங்கு: உள்ளே கேட்பதை "இரைச்சல்" என்றும், வெளியிலிருந்து வருவதைச் "சத்தம்" என்றும் எழுதியிருக்கிறேன்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு நோட்டு. எந்தத் தேதியில் ஆரம்பித்தது, எந்தக் காது, திடீரென்றா மெதுவாகவா, அதற்கு முந்தைய வாரம் என்ன நடந்தது (சளி, பெருஞ்சத்தம், புது மருந்து, தலையில் அடி) என்று ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். டாக்டர் முன்னால் உட்காரும்போது பதற்றத்தில் பாதி மறந்துபோகும்.

நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், வலி மாத்திரை உட்பட.

பழைய கேள்திறன் சோதனை எதுவாக இருந்தாலும். வேலைக்குச் சேரும்போது எடுத்த மருத்துவப் பரிசோதனைத் தாளில்கூட இருக்கலாம். ஒப்பிட ஒன்று இருந்தால்தான் இன்றைய அளவுக்கு அர்த்தம் உண்டு.

அப்புறம், கூட வர ஒரு ஆள். சரியாகக் கேட்காத ஒருவர் டாக்டர் சொல்வதைத் தனியாகக் கேட்டுக்கொண்டு வருவதில் உள்ள சிக்கலை விளக்க வேண்டியதில்லை.

## 1. அவசரமா இல்லையா என்று முதலில் தீர்மானியுங்கள்

காதிரைச்சல் பெரும்பாலும் ஆபத்தானது இல்லை. ஆனால் சில வகைகளுக்குக் கெடு உண்டு.

ஒரு காது சில மணி நேரத்திலோ மூன்று நாளுக்குள்ளோ திடீரென்று மந்தமாகிவிட்டால் அது அவசரம். காலையில் எழுந்தால் ஒரு பக்கம் அடைத்த மாதிரி இருக்கிறது, போனை அந்தக் காதில் வைத்தால் பேச்சு உடைந்து கேட்கிறது என்றால் அன்றைக்கே காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். இதற்கு ஸ்டீராய்டு தருவார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு. மாத்திரையில் சரியாகாவிட்டால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் ஊசியாகச் செலுத்தும் வழியும் உண்டு. அதற்கும் நாள் கணக்கு இருக்கிறது.

நான் பார்த்ததிலேயே மிகவும் வருத்தம் தரும் தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. "சளி அடைப்பு, தானாகச் சரியாகிவிடும்" என்று சொட்டு மருந்தோடு மூன்று வாரம் ஓடிவிடும். வீட்டிலேயே ஒரு குறிப்பு பார்க்கலாம்: வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று முனகுங்கள். அடைத்த காதில் அது பலமாகக் கேட்டால் குறும்பி, சளி போன்ற அடைப்பாக இருக்கலாம். நல்ல காதில் பலமாகக் கேட்டால் உள்காது பாதிக்கப்பட்டிருக்கலாம். இது ஒரு துப்பு மட்டும்தான். எப்படிக் கேட்டாலும் சோதனைக்குப் போங்கள், இரண்டாவது விதமாகக் கேட்டால் ஓடிப் போங்கள்.

இவையும் தள்ளிப்போடக் கூடாதவை: நாடித்துடிப்போடு சேர்ந்து "டுப் டுப்" என்று துடிக்கும் இரைச்சல், ஒரே ஒரு காதில் மட்டும் நீடிக்கும் இரைச்சல், தலைசுற்றலோ முகம் கோணுவதோ சேர்ந்து வருவது, தலையில் அடிபட்ட பின் தொடங்கியது. துடிப்பு வகைக்கு ரத்தக்குழாயில் காரணம் இருக்கலாம். அது கிடைத்தால் சில சமயம் முழுதாகவே சரிசெய்ய முடியும். ஒரு பக்கம் மட்டும் என்றால் கேள்நரம்பில் கட்டி ஏதும் இல்லை என்று எம்.ஆர்.ஐ. எடுத்து உறுதி செய்வார்கள். அந்தக் கட்டி அரிது, பெரும்பாலும் புற்றுநோயும் இல்லை. ஆனாலும் "இல்லை" என்பது தாளில் இருந்தால்தான் அடுத்த படிகளில் மனம் நிற்கும்.

## 2. காதை முழுசாக அளந்துகொள்ளுங்கள்

முதலில் குறும்பி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். சாதாரண விஷயம்தான், ஆனால் அதை எடுத்ததுமே பாதித் தொல்லை போனவர்கள் உண்டு. பட்ஸ் போட்டு நீங்களே எடுக்காதீர்கள். அது குறும்பியை உள்ளே தள்ளி இறுக்கும்.

அடுத்து ஆடியோகிராம், அதாவது எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம். படுக்கைவாட்டில் சுருதி, வழக்கமாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை. செங்குத்தில் எவ்வளவு சத்தமாக வைத்தால் உங்களுக்குக் கேட்டது என்பது. வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. கோடு கீழே இறங்க இறங்க மந்தம் அதிகம். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழுந்திருந்தால் பெருஞ்சத்தம் செய்த வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

சோதனை முடிந்ததும் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். "நார்மல்", "கொஞ்சம் லாஸ்" என்ற வாய்ச்சொல்லோடு வீட்டுக்கு வராதீர்கள். நான் முதல் இரண்டு சோதனைத் தாள்களை வாங்காமல் விட்டவன். பின்னால் "எவ்வளவு குறைந்திருக்கிறது" என்று ஒவ்வொரு டாக்டரும் கேட்டபோது பதில் இல்லை.

ஆடியோகிராம் நன்றாக இருந்தும் இரைச்சல் இருக்கலாம். சோதனை 8000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, மனிதக் காது அதற்கு மேலும் கேட்கும். தவிர, மெல்லிய ஒலி கேட்கிறதா என்று மட்டும்தான் அது பார்க்கிறது. கூட்டத்தில் பேச்சு பிரிந்து புரிகிறதா என்பது வேறு விஷயம். அதனால் சொற்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லும் சோதனையையும், முடிந்தால் பின்னணிச் சத்தத்தோடு செய்யும் சோதனையையும் கேளுங்கள்.

மருந்துப் பட்டியலையும் அப்போதே காட்டுங்கள். ஜென்டமைசின் வகை ஆன்டிபயாட்டிக், சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, அதிக அளவு ஆஸ்பிரின், குயினைன், சில நீர் பிரியும் மருந்துகள் ஆகியவை காதைத் தொடக்கூடியவை. ஆஸ்பிரினால் வருவது அளவைக் குறைத்தால் பெரும்பாலும் போய்விடும். மற்ற சில அப்படி இல்லை. எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். உயிர் காக்கும் மருந்தைக் காதுக்காக நிறுத்தியவர் கதையை நான் கேட்டிருக்கிறேன்.

கடைசியாக ஒன்று: தாடையை முன்னால் தள்ளினாலோ கழுத்தைத் திருப்பினாலோ பல்லைக் கடித்தாலோ இரைச்சல் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் நோட்டில் குறியுங்கள். தாடை மூட்டுக்கும் கழுத்துக்கும் செய்யும் சிகிச்சை அவர்களில் சிலருக்கு உதவும். பத்தாம் படியிலும் இந்தக் குறிப்பு தேவைப்படும்.

## 3. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு உள்காதிலும் சுமார் 15,000 மயிரிழைச் செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுவது அவைதான். பறவைகளுக்கு அவை செத்தாலும் திரும்ப முளைக்கும். நமக்கு முளைக்காது. ஒரு சுருதிக்கான செல்கள் போனதும் அந்த இடத்திலிருந்து மூளைக்கு வரும் செய்தி குறைகிறது. மூளை, ரேடியோவில் நிலையம் கிடைக்காதபோது வால்யூமைக் கூட்டுகிறவன் மாதிரி, தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டுகிறது. அப்போது கேட்கும் கரகரப்புதான் இரைச்சல் என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். பலருக்கு இரைச்சலின் சுருதி, கேட்காமல் போன சுருதிப் பகுதியிலேயே விழுகிறது.

இந்தப் பாடம் எதற்கு என்றால், அடுத்த மூன்று படிகளும் இதிலிருந்துதான் வருகின்றன. வெளியிலிருந்து செய்தியைக் கூட்டினால் மூளைக்குக் கூட்டும் வேலை குறையும். முழு அமைதியில் உட்கார்ந்தால் அந்த வேலை அதிகமாகும்.

இன்னொரு தகவல் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. வெளி ஒலியோடு ஒப்பிட்டு இரைச்சலை அளந்தால், பெரும்பாலானவர்களுக்கு அது அந்தச் சுருதியில் அவரால் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியைவிடச் சில டெசிபல்தான் அதிகமாக இருக்கும். காதைக் கிழிக்கிறது என்பவருக்கும், இருக்கிறது, கண்டுகொள்வதில்லை என்பவருக்கும் அளவு ஏறக்குறைய ஒன்றாகவே வரலாம். வேதனை வேறு இடத்தில் உண்டாகிறது. அதை ஆறாம் படியில் பார்க்கலாம்.

## 4. கேட்பது குறைந்திருந்தால் கருவியைத் தள்ளிப்போடாதீர்கள்

"முதலில் இரைச்சல் போகட்டும், அப்புறம் மெஷினைப் பார்க்கலாம்" என்பார்கள். வரிசையே தலைகீழ். காது கேட்கும் கருவி வெளி ஒலியை உள்ளே அனுப்புவதால், மந்தமும் இரைச்சலும் சேர்ந்து உள்ளவர்களுக்கு முதலில் பரிந்துரைக்கப்படுவதே அதுதான். போட்டிருக்கும் நேரத்தில் இரைச்சல் பின்னுக்குப் போவதாகப் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அப்படித்தான். பேச்சைப் பிடிக்கப் போராடும் களைப்பு குறைவது இன்னொரு லாபம். களைத்த மாலையில் இரைச்சல் பெரிதாகத் தெரியும் என்பது இதோடு வாழும் எல்லோருக்கும் தெரியும்.

கருவியைப் பொருத்தும்போது மூன்று விஷயம் கேளுங்கள். காதுக்குள் மெல்லிய குழாய் வைத்து, கருவி உண்மையில் எவ்வளவு ஒலி தருகிறது என்று அளந்தார்களா? அளக்காமல் கம்ப்யூட்டர் காட்டும் உத்தேச அளவிலேயே விட்டுவிட்டால், உங்கள் காதுக்குப் போதாமலோ மிகையாகவோ இருக்கலாம். ஒவ்வொரு காதுத் துளையும் வேறு வடிவம்.

இரண்டாவது, காதுக்குள் போகும் முனை. தாழ்ந்த சுருதிச் சத்தங்கள் உங்களுக்கு நன்றாகக் கேட்கிறது, உயர்சுருதிகள்தான் போய்விட்டன என்றால், திறந்த முனை பெரும்பாலும் பொருந்தும். முழுசாக அடைக்கும் முனை வெளியுலகை மூடிவிட்டு இரைச்சலை முன்னுக்குக் கொண்டுவந்துவிடும், உங்கள் குரலும் பானைக்குள் பேசுகிற மாதிரி கேட்கும்.

மூன்றாவது, சத்தமடக்கும் அமைப்பு. மின்விசிறி, மழை போன்ற பின்னணிச் சத்தத்தை வெட்டும் வசதி கூட்டத்துக்கு நல்லது. ஆனால் வீட்டில் தனியாக இருக்கும்போது அந்த மெல்லிய சத்தங்கள்தான் உங்களுக்கு உதவி. வீட்டுக்கு அதைக் குறைத்து ஒரு தனி புரோகிராம் போட்டுத்தரச் சொல்லுங்கள்.

முதல் வாரம் பிடிக்காது. தாள் கசங்குவதும் பாத்திரம் மோதுவதும் எரிச்சலூட்டும். மூளை இந்த ஒலிகளை மறந்து வருடமாகியிருக்கும், அதற்கு மறுபடி பழகச் சில வாரம் ஆகும். அமைதியான அறையில் ஒரு மணி நேரத்தில் தொடங்கி, தினமும் கூட்டிக்கொண்டே போய், விழித்திருக்கும் நேரமெல்லாம் போடுங்கள். விசேஷத்துக்கு மட்டும் எடுத்துப் போடுகிறவர்களுக்கு அது ஒருநாளும் பழகாது. மிகக் கடினமான இடத்தில், மிகக் குறைந்த பழக்கத்தோடு போட்டுவிட்டு, கருவி சரியில்லை என்று டப்பாவில் வைத்துவிடுவார்கள்.

கருவிக்கும் எட்டாத அளவு மந்தமானவர்களுக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட் உண்டு, அதாவது அறுவை சிகிச்சையில் உள்காதுக்குள் மின்முனை செருகிப் பொருத்தும் கருவி. அதைப் பொருத்தியவர்களில் பலருக்கு இரைச்சலும் குறைகிறது. "வருங்காலத்தில் செல் முளைக்கும் மருந்து வந்தால் இம்ப்ளான்ட் தடையாகிவிடுமே" என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கவலையில் நியாயம் உண்டு. மின்முனையைச் செருகும்போது மிச்சமிருக்கும் செல்கள் சேதமாகலாம். ஆனால் வருடக்கணக்கில் ஒலியே போகாத காதில் பின்னால் இம்ப்ளான்ட் வைத்தால் பலன் குறைவாகக் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வராத மருந்துக்காக வந்த வழியை மூட வேண்டாம் என்பது என் கட்சி. ஒரு காதில் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவைக்க முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

## 5. தூக்கத்தையும் அமைதியையும் சீர் செய்யுங்கள்

1953-ல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள், காதில் எந்தக் கோளாறும் இல்லாத 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள். அமைதி எல்லோருக்கும் இதைத்தான் செய்கிறது. நமக்குக் கொஞ்சம் தாராளமாகச் செய்கிறது.

ஆகவே படுக்கையறையில் மெல்லிய, மாற்றமில்லாத ஒலி ஒன்று ஓடட்டும். மின்விசிறி, மழை, அருவி, எது உங்களுக்கு அலுக்காதோ அது. பேச்சும் பாட்டும் வேண்டாம், கவனம் அதன் பின்னால் போகும். அளவு இரைச்சலைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும். இரைச்சலை முழுசாக மூடினால் மூளை அதைப் பழகிக்கொள்ள வாய்ப்பே இல்லாமல் போகிறது, நிறுத்தியதும் இன்னும் பலமாகத் தோன்றும். புதியவர்கள் ஒவ்வொரு ராத்திரியும் வால்யூமை ஒரு புள்ளி ஏற்றி ஏற்றி, கடைசியில் அதுவே காதுக்குக் கெடுதலாகிற அளவுக்குப் போவதைப் பார்த்திருக்கிறேன். இயர்போனும் வேண்டாம், அறையில் ஒலிக்கட்டும்.

எழுந்திருக்கும் நேரத்தை நிலையாக வையுங்கள். தூக்கம் எப்போது வந்தாலும் சரி, எழுவது ஒரே நேரம். இருபது நிமிடம் போல் புரண்டும் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு இடத்தில் உட்கார்ந்து, கண் சொக்கியதும் திரும்புங்கள். படுக்கை என்றாலே இரைச்சலோடு மல்லுக்கட்டும் இடம் என்று மூளை பழகிவிடக் கூடாது. தூக்க மாத்திரை சில நாளுக்குத் தேவைப்படலாம். ஆனால் பென்சோடையசெபைன் வகைகள் பழக்கமாகிவிடும், திடீரென்று நிறுத்தினால் இரைச்சலே கூடுவதும் உண்டு. எத்தனை நாளைக்கு, எப்படி நிறுத்துவது என்ற இரண்டையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

## 6. பயத்தைக் குறைக்கும் வேலை

இதை ஐந்தாவதுக்கு முன்னால் வைக்க முடியாது. தூங்காதவரிடம் மனப்பயிற்சி எடுபடாது.

மின்விசிறிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டும் நாம் கவனிப்பதில்லை, ஏனென்றால் மூளை அதை ஆபத்தில்லை என்று முத்திரை குத்திவிட்டது. இரைச்சலுக்கு இன்னும் அந்த முத்திரை விழவில்லை. இன்று எப்படி இருக்கிறது என்று விரலால் காதை மூடிப் பார்ப்பது, ஒவ்வொரு மணி நேரமும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவது, இதெல்லாம் மூளைக்கு "இது முக்கியம், காவல் இரு" என்று நீங்கள் அனுப்பும் செய்தி. நானே ஒரு வருடம் கிராஃப் போட்டேன். கிராஃப் நிறுத்திய மாதத்தில்தான் முதல் முறையாக ஒரு மதியம் முழுக்க இரைச்சல் நினைவுக்கு வரவில்லை என்பதைச் சாயங்காலம் கவனித்தேன்.

அளக்க வேண்டும் என்றால் மாதம் ஒருமுறை, அதுவும் இரைச்சலை விட்டுவிட்டு அதனால் வரும் தொல்லையை. டி.எச்.ஐ. என்ற 25 கேள்விப் பட்டியல் இதற்கென்றே இருக்கிறது. 0 முதல் 100 வரை மதிப்பெண். 16 வரை மிகக் குறைவு, 38-லிருந்து 56 வரை நடுத்தரம், 78-லிருந்து மிகக் கடுமை.

58-ஐத் தாண்டினால் தனியாக முயலாதீர்கள். அறிதல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி., காதிரைச்சல் வேதனைக்கு இதுவரை நல்ல ஆதாரம் உள்ள முறை. அது இரைச்சலைக் குறைக்காது, அதன் பிடியைக் குறைக்கும். "அப்படியென்றால் எனக்கு மனநோயா" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. நானும் கோபப்பட்டேன், ஒரு வருடம் வீணானது.

இரைச்சல் சில நாள் திடீரென்று ஏறும். காரணம் தெரியாமலேயே ஏறும். அப்போது மூன்று நாள் எதையும் மாற்றாதீர்கள். புது மாத்திரை, புது உணவுக் கட்டுப்பாடு, கருவியைக் கழற்றுவது எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்தால் எது உதவியது எது கெடுத்தது என்று ஒருக்காலும் தெரியாது. இதற்கு ஒரே விதிவிலக்கு: கேட்பதும் சேர்ந்து குறைந்தால் முதல் படிக்கே திரும்புங்கள்.

வாழவே வேண்டாம் என்று தோன்றினால், அதற்குப் படி வரிசை கிடையாது. அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடமும் டாக்டரிடமும் வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் சில மாதங்கள்தான் பலருக்கும் மிக மோசமானவை, இன்று தெரிகிற உக்கிரத்திலேயே அது நிற்பதில்லை.

## 7. மிச்சமிருப்பதைக் காப்பாற்றுங்கள், ஆனால் ஒளிந்துகொள்ளாதீர்கள்

வேலையிடங்களுக்குப் பரவலாகச் சொல்லப்படும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும்: 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு வெறும் 15 நிமிடம். போனில் ஒரு டெசிபல் செயலி போட்டுக்கொள்ளுங்கள். துல்லியம் இல்லாவிட்டாலும் காதடைப்பான் தேவையா என்று முடிவெடுக்கப் போதும்.

"கச்சேரி முடிந்து ரெண்டு நாள் காது மந்தமாக இருந்தது, அப்புறம் சரியாகிவிட்டது" என்பதை நம்பாதீர்கள். 2009-ல் குஜாவா, லிபர்மன் இருவரும் எலிகளில் காட்டியது: சோதனையில் கேள்திறன் முழுசாகத் திரும்பிய பிறகும், செல்லுக்கும் நரம்புக்கும் இடையிலான இணைப்புகள் நிறையவே நிரந்தரமாகப் போயிருந்தன.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு குழி இருக்கிறது. புதியவர்களில் பாதிப் பேர் பயத்தில் வீட்டுக்குள்ளும் அடைப்பானோடு திரிவார்கள். ஃபார்ம்பி என்ற ஆய்வாளரின் குழு, நல்ல காது உள்ளவர்களை இரண்டு வாரம் அடைப்பானோடு இருக்கச் செய்தபோது, அவர்களுக்குச் சாதாரணச் சத்தங்களே அதிகமாகத் தெரியத் தொடங்கின. பேச்சு, தெரு, சமையலறை ஆகியவற்றுக்கு அடைப்பான் வேண்டாம். துளையிடும் இயந்திரம், பெரிய ஸ்பீக்கர், வெடி ஆகியவற்றுக்குக் கட்டாயம்.

## 8. வீட்டிலும் வேலையிலும் பேச்சு

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். "எனக்குச் சரியாகக் கேட்காது" என்பதோடு நிறுத்தாமல் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்: பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டுப் பேசுங்கள், முகம் பார்த்துப் பேசுங்கள், கத்த வேண்டாம், நிதானமாகச் சொல்லுங்கள். வெளிச்சம் பேசுகிறவர் முகத்தில் விழும்படி உட்காருங்கள். "என்ன?" என்று கேட்காமல் "எத்தனை மணிக்கு என்றீர்கள்?" என்று விட்டுப்போன துண்டை மட்டும் கேளுங்கள், எதிரில் இருப்பவர் எரிச்சலடைய மாட்டார். கூட்டங்களில் போனில் பேச்சை எழுத்தாக்கும் வசதியைத் திறந்து மேசைமேல் வைக்க வெட்கப்படாதீர்கள். புரியாமல் தலையாட்டும் பழக்கம்தான் உண்மையில் வெட்கக்கேட்டில் கொண்டுவிடும்.

## 9. பணம் போகும் வழிகளை அடையுங்கள்

2014-ல் வெளிவந்த அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதல், ஜின்கோ, மெலடோனின், துத்தநாகம் போன்ற துணை மாத்திரைகளைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறது. பீட்டாஹிஸ்டின் என்ற மாத்திரை பலருக்கும் எழுதித்தரப்படுகிறது. தலைசுற்றலுக்காக என்றால் அது தனி விஷயம். காதிரைச்சலுக்கு அது உதவுவதாக ஆய்வுத் தொகுப்புகள் காட்டவில்லை. "ஸ்டெம் செல் ஊசி, நூறு சதவீத உத்தரவாதம்" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். எனக்கு ஒரு கிளினிக்கில் பத்து நாள் ஊசி போட்டார்கள். என்ன மருந்து என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, கேட்காதது என் தப்பு.

## 10. வரப்போகும் சிகிச்சையைப் பின்தொடரும் முறை

இந்தப் படிக்கு வருவதற்குள் கருவி பழகியிருக்க வேண்டும், தூக்கம் ஓரளவு திரும்பியிருக்க வேண்டும். அந்த நிலையில் செய்தியைப் படித்தால் அது செய்தி. அதற்கு முன்னால் படித்தால் அது சூதாட்டம் மாதிரி ஆட்டிவைக்கும்.

ஏமாற்றங்களிலிருந்து தொடங்கலாம், அவைதான் படிக்கக் கற்றுத்தரும். எஃப்.எக்ஸ்.-322 என்ற மருந்து, உள்காதில் மயிரிழைச் செல்களை முளைக்க வைக்கும் நோக்கத்தோடு வந்தது. சிறிய முதல் சோதனையில் சிலருக்குச் சொற்கள் தெளிவாகக் கேட்டன, உலகம் முழுக்க நம்மைப் போன்றவர்கள் நாள் எண்ணத் தொடங்கினோம். 2021-ல் அடுத்த கட்டத்தில் வெற்று ஊசி போட்டவர்களைவிட மருந்து போட்டவர்களுக்கு முன்னேற்றம் இல்லை. 2023-ல் இன்னொரு சோதனையும் தோற்று, நிறுவனம் அதைக் கைவிட்டது. இரைச்சலுக்கென்றே வந்த ஏ.எம்.-101 மூன்றாம் கட்டம் வரை போய் விழுந்தது. ஓ.டி.ஓ.-313 என்பது 2022-ல் இரண்டாம் கட்டத்தில் நின்றது. இதிலிருந்து ஒரு கைவிதி: சின்னச் சோதனையின் நல்ல செய்திக்கு நோட்டில் ஒரு வரி, அவ்வளவுதான். வெற்று மருந்தோடு ஒப்பிட்ட பெரிய சோதனை வந்த பிறகு நிமிர்ந்து உட்காரலாம்.

உண்மையான வெற்றியும் உண்டு. ஓட்டோஃபெர்லின் என்ற ஒற்றை மரபணுக் கோளாறால் பிறவியிலேயே கேட்காத குழந்தைகள் மரபணு சிகிச்சையால் கேட்கத் தொடங்கிய முடிவுகள் 2024-ல் வெளிவந்தன. அந்தக் குழந்தைகளுக்குச் செல்கள் இருந்தன, ஒரு புரதம்தான் இல்லை. நமக்குச் செல்களே போயிருக்கின்றன. தலைப்பில் "காது கேளாமைக்குத் தீர்வு" என்று போட்டிருந்தாலும் அது வேறு கதவு.

இரைச்சலுக்கு, ஒலியோடு இன்னொரு தூண்டலைச் சேர்த்துத் தரும் கருவிகள் கவனிக்கத் தக்கவை. நாக்கில் மெல்லிய மின்தூண்டல் தரும் லெனியர் கருவிக்கு 2023 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி தந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் ஷோர் குழுவினர், கழுத்து அல்லது கன்னத்தில் தூண்டல் தரும் முறையை 99 பேரிடம் சோதித்து அதே ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். அதில் சேர்க்கப்பட்டவர்கள் தாடை, கழுத்து அசைவால் இரைச்சல் மாறுகிறவர்கள். இரண்டாம் படியில் நோட்டில் எழுதச் சொன்ன குறிப்பு இதற்குத்தான். இவை தொல்லையைக் குறைக்க முயல்பவை, இரைச்சலை அழிப்பதாக யாரும் நிரூபிக்கவில்லை.

எப்படிப் பின்தொடர்வது? மூன்று மாதத்துக்கு ஒரு நாள், பகலில், ஒரு மணி நேரம். கிளினிக்கல்ட்ரயல்ஸ் டாட் கவ் என்ற பதிவேட்டில் தேடுங்கள். அங்கே எந்தக் கட்டம், எத்தனை பேர், ஒப்பீட்டுக் குழு உண்டா, எதை அளக்கிறார்கள், எப்போது முடியும் என்று எல்லாம் இருக்கும். நிறுவனத்தின் செய்திக்குறிப்பை அதற்கு அப்புறம் படியுங்கள், முன்னால் படிக்காதீர்கள்.

சோதனையில் சேர நினைத்தால் தேவையானவை இவை: சில வருடமாக நிலையாக உள்ளதைக் காட்டும் ஆடியோகிராம்கள், இரைச்சல் தொடங்கிய தேதி, மருந்துப் பட்டியல். முதல் பக்கத்தில் சொன்ன அதே நோட்டுதான். வருடம் ஒருமுறை கேள்திறன் சோதனை எடுத்து நகலைச் சேர்த்து வையுங்கள். சேர்வதற்காகக் கேட்பதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆரம்ப அளவு பொய்யானால், வெற்று மருந்து வாங்கியவர்கூட "முன்னேறியதாக"த் தெரிவார், மருந்து வேலை செய்ததா என்று யாருக்கும் தெரியாமல் போகும். எஃப்.எக்ஸ்.-322-ன் 2021 முடிவைப் பற்றி நிறுவனமே இப்படியொரு சந்தேகத்தை எழுப்பியது.

சேர்வதற்கு உங்களிடம் பெருந்தொகை கேட்டால் அதைச் சோதனை என்று எண்ண வேண்டாம், வியாபாரம். ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இதனால் மிச்சமிருக்கும் கேள்திறன் போனால் என்ன செய்வீர்கள்? பதிலை எழுத்தில் வாங்குங்கள், கூட வந்தவரையும் படிக்கச் சொல்லுங்கள்.